ஆசிரியர் காதல் எழுதலாமா?

காரைக்காலை அடுத்த ஊர் நிரவி. 1909-இல் கனகசுப்புரத்தினம் என்ற பதினெட்டு வயது இளைஞர் அங்கே தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். பிரெஞ்சு அரசின் சம்பளம். 1946-இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு வகுப்பறைதான் பிழைப்பு. நாடு அறிந்த அவர் பெயர் பாரதிதாசன்.

அவருடைய காதல் காவியங்கள் பலவும் அந்தப் பணிக்காலத்தில் பிறந்தவை. 1938-இல் வந்த 'எதிர்பாராத முத்தம்' பின்னாளில் 'பொன்முடி' என்ற திரைப்படமானது. அதற்கு முந்தைய ஆண்டின் 'புரட்சிக்கவி' இன்னும் துணிச்சலானது. இளவரசி அமுதவல்லிக்குக் கவிதை இலக்கணம் கற்பிக்க வருகிறான் உதாரன். அவன் தொழுநோயாளி என்று அவளிடமும், அவளுக்குக் கண் தெரியாது என்று அவனிடமும் சொல்லி, நடுவில் திரையும் போடுகிறார்கள். காதல் திரையைத் தாண்டிவிடுகிறது. ஒரு வாத்தியார் ஒரு வாத்தியாரின் காதலை எழுதினார்.

மாதா, பிதாவுக்கு அடுத்து, தெய்வத்துக்கும் முன்னால் குருவை வைத்த சமூகம் இது. அந்த இடத்தில் இருப்பவர் காதல் கதை எழுதுவது தகுமா? பகலில் பாடமும் இரவில் நாவலுமாக வாழும் ஆசிரியைகளை இன்றும் இந்தக் கேள்வி விடுவதில்லை.

சங்கப் புலவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார், மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார் என்று அகநானூற்றுப் புலவர் சிலரின் பெயரிலேயே ஆசிரியத் தொழில் ஒட்டியிருக்கிறது. சமயமும் கதவைச் சாத்தவில்லை. களவுக் காதலுக்கு இலக்கணம் வகுத்த 'இறையனார் களவியல்' சிவபெருமானே அருளியது என்பது சைவ மரபின் நம்பிக்கை. திருவாசகத்தில் உருகிய மாணிக்கவாசகர்தான் 400 பாடல்களில் 'திருக்கோவையார்' என்ற அகப்பொருள் நூலையும் தந்தார்.

சிவனடியாரான காரைக்கால் அம்மையாரோ அழகையும் இல்லறத்தையும் உதறிப் பேயுருவை வேண்டியவர். ஆனால் அவருக்காகக் காரைக்காலில் நடக்கும் ஆனி மாத மாங்கனித் திருவிழா தொடங்குவது மாப்பிள்ளை அழைப்பில். அடுத்து அம்மையாருக்கும் கணவர் பரமதத்தருக்கும் திருக்கல்யாணம். துறந்தவரைக் கொண்டாடும்போதும் ஊர் அந்தக் கல்யாணத்தை மறைப்பதில்லை.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 காமத்துப்பாலுக்கு உரியவை. 2016-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளில் கற்பிக்கச் சொன்னது அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பொருத்தம்தான். ஆனால் வகுப்பில் சொல்லாத ஒன்றை ஆசிரியர் வாழ்க்கையிலும் தொடக்கூடாது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மு. வரதராசனார் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே காமத்துப்பால் உட்பட முழுக் குறளுக்கும் தெளிவுரை எழுதினார். காதலையும் மணவாழ்வின் சிக்கல்களையும் நாவல்களாகவும் எழுதினார். 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1971-இல் அவர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். நாவல்கள் அந்த நாற்காலிக்குக் குறுக்கே நிற்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியரிடம் பிள்ளைகள் மனம் திறக்கிறார்கள். அவர்களுடைய முதல் காதலும் கண்ணீரும் நாவலாசிரியருக்குக் கைக்கெட்டும் சரக்கு. உதாரனின் கதையைக் காவியமாகப் படிக்கலாம். வகுப்பறையில் மாணவி மீது ஆசிரியர் காதல் கொள்வது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஊரார் வாயில் ஒருவர் காதல் அகப்படாமல் காக்கும் விதி என்று அதை இன்று படிக்கலாம். ஆசிரியராக இருந்து எழுதுபவருக்கு இதைவிட நல்ல வரம்பு கிடைக்காது.

அந்த வரம்புக்குள் நின்று எழுதும் ஆசிரியரிடம் பள்ளி நிர்வாகமோ பெற்றோரோ விளக்கம் கேட்க வேண்டாம். அவர் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். பள்ளி நூலகத்தின் ஆசிரியர் அலமாரியிலும் ஒரு பிரதி வையுங்கள்.