காய்ப்பும் மரப்பும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிய பெரியப்பாவின் உள்ளங்கையைச் சின்ன வயதில் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். விரல்களின் அடியில் வரிசையாக நாலு மேடு, புளியங்கொட்டை பதித்ததுபோல.

"வலிக்குதா பெரியப்பா?"

"நீ சொரண்டுறது தெரியுது கண்ணு, வலிதான் இல்ல."

தெரிகிறது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

மரமும் காய்க்கும், கையும் காய்க்கும். மரத்துப்போவது வேறு. மனு வாங்கும் மேசையில் இருபது வருடம் உட்கார்ந்ததில் எனக்கு இந்த இரண்டும் குழம்பிவிட்டன. முன்பெல்லாம் எதிரே ஒருவர் அழுதால் மதியம் சோறு இறங்காது. இப்போது இறங்குகிறது.

ஒரே மூச்சில் அழுத்தித் தேய்த்தால் தோலில் கொப்புளம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் உரசினால், அடியிலுள்ள செல்கள் வேகமாகப் பெருகி, கெரட்டின் நிரம்பிச் செத்து, மேலே அடுக்காகச் சேரும். அதுதான் காய்ப்பு. ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களைச் சோதித்து, 2019இல் நேச்சர் இதழில் எழுதியது: காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் பாதத்தின் தொடுவுணர்வு குறையவில்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை.

பென்னாகரத்துச் சாலையோரப் புளியமரத்தில் கிளை வெட்டிய இடத்தைப் பார்த்தால், மரத்துப்போதல் என்ற சொல்லுக்குள் மரம் எதற்கு வந்தது என்று தோன்றும். வெட்டின் விளிம்பில் முதலில் திரள்வது மெத்தென்ற இளந்திசு. அது கட்டையாகி, உதடுபோல உள்நோக்கிச் சுருண்டு, பல வருடத்தில் வாய் மூடுகிறது. உள்ளே வெட்டுப்பட்ட மரம் ஆறுவதில்லை, அப்படியே மூடிக்கிடக்கும்.

காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை. வாரக்கணக்கில் துடுப்பு சுவரில் சாய்ந்திருக்க, பெரியப்பாவின் கை உரியத் தொடங்கும். யார் கொல்லையிலாவது போய் மண்வெட்டி பிடிப்பார், கூலிக்காக மட்டுமல்ல. "சும்மா இருந்தா கை மறந்துடும்." அப்படியும் தடை நீங்கிய முதல் நாள் கொப்புளத்தோடுதான் வீடு திரும்புவார்.

போன மாதம் மருத்துவ விடுப்பு முடிந்து மேசைக்குத் திரும்பினேன். முதலில் வந்த பாட்டி, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு நீட்டினார். அழக்கூட இல்லை. காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.