விளங்காத சொல்

அமெரிக்க வைத்தியர் ஒலிப்பதிவில் கூறுவதைச் சென்னையிலிருந்து கேட்டெழுதும் தொழில் 1990களில் பரவிற்று. அதிலே ஒரு விதி உண்டு. விளங்காத சொல்லை ஊகத்தால் நிரப்பலாகாது. இடம் விட்டு, சொன்னவரிடமே திருப்பியனுப்ப வேண்டும். 'ஹைப்பர்' என்பது மிகை, 'ஹைப்போ' என்பது குறை. ஈற்றொலி பிசகினால் இரத்த அழுத்தமே தலைகீழாகிவிடும்.

நமது மலையகத்திலோ, வைத்தியர் வாய் திறக்குமுன்பே ஒரு கேட்டெழுதல் நடந்துவிடுகிறது. கொழுந்தெடுக்கும் தாய் தமிழிற் சொல்லும் நோவு, தமிழறியா வைத்தியரின் கையில் ஆங்கிலக் குறிப்பாகிறது. இடையில் நின்று பெயர்த்துச் சொல்பவர் வைத்தியசாலைச் சிற்றூழியராகவோ, பள்ளி செல்லும் மகனாகவோ இருப்பார். 'நெஞ்சு கரிக்குது' என்று அவள் சொன்னது நெஞ்சுவலியாகலாம். நெஞ்சுவலி வெறும் கரிப்பாகிவிட்டாலோ உயிருக்கே கேடு. தமிழும் ஆட்சிமொழியென்று 1987இல் 13ஆவது திருத்தம் கூறிற்று. 2017இல் டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. அதை யாரும் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்விரண்டாலும் இந்த இடைவெளி அடைபடவில்லை.

இடம் விடுதல் திறமைக் குறைவன்று. சொன்னவருக்குச் செய்யும் மரியாதை. வைத்தியருக்குக் கிடைக்கும் அம்மரியாதை அவளுக்கு ஏன் இல்லை? வரிசை நீளம், நேரமில்லை என்பர். வைத்தியரின் நேரமும் அருமையானதுதான். ஆனால் அவருடைய ஒலிப்பதிவு திரும்பிப் போகத்தான் செய்கிறது.