இரவுப் பேருந்தும் இல்லறத்தார் நோன்பும்

இல்லறத்தார் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு நம் ஆசாரியர்கள் ஒரு வரம்பு வகுத்துள்ளனர். குணவிரதங்களுள் முதலாவதாகிய திக்விரதம் அதுவே. சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை எடுத்தோதுகின்றன. எல்லையாகக் கொள்ளத்தக்கவை யாவை என்று கூறுமிடத்துச் சமந்தபத்திரர் கடல், ஆறு, காடு, மலை முதலியவற்றைக் குறிக்கிறார். எவரும் ஐயமின்றி அறியக்கூடிய அடையாளங்கள் இவை. இவற்றுக்கு அப்பால் வாழும் உயிர்களுக்கு நம்மால் நுண்ணிய தீங்கும் நேராது என்பதே விரதத்தின் பயன்.

அந்தக் காட்டையும் மலையையும் இன்று நாம் உறங்கிக்கொண்டே கடந்துவிடுகிறோம். கோடை விடுமுறையில் உதகமண்டலம் செல்லும் நம் குடும்பங்கள் பலவும் இரவுப் பேருந்தையே நாடுகின்றன. மாலையில் சென்னையில் ஏறியவர் காலையில் 2,240 மீட்டர் உயரத்தில் கண்விழிக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்துமுத்தாய்க் கோத்திருக்கும். வெளியே மூடுபனி அன்றி வேறொன்றும் தோன்றாது. ஒரு நாள் விடுப்பு மிச்சம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம்.

பயணமே பாவம் என்று சொல்ல நாம் முற்படவில்லை. முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை. பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கியவாறு அடியெடுத்து வைக்கின்றனர். மழைக்காலத்து நான்கு மாதமும் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். அது மகாவிரதம். அணுவிரதியாகிய இல்லறத்தாருக்கு அது விதிக்கப்படவில்லை. நம் வினா சிறியது. இரவில்தான் செல்லவேண்டுமா?

இரவுப் பேருந்து பத்து, பதினொரு மணியளவில் வழியோர உணவகம் ஒன்றில் நிற்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கு உண்பதில்லை. இறங்கினாலும் கால் மரத்துப்போனதற்காகச் சற்று நிற்பார்களேயன்றி, இலை முன் அமரமாட்டார்கள். கொண்டுவந்த புளிச்சோற்றைப் பொழுது சாயுமுன்னரே உண்டு முடித்திருப்பார்கள். அடுத்த இருக்கையினர் வியந்து கேட்பதும், நாம் சற்றுப் பெருமையுடன் விளக்கம் சொல்வதும் வழக்கம். விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள் உணவில் வீழ்ந்து மடியும். அவை நம் கண்ணுக்கும் புலப்படா. ஆகவே இரவில் உண்ணோம் என்போம். நல்ல விளக்கமே. ஆனால் அதைச் சொல்லி முடித்து நாம் ஏறி அமரும் பேருந்தின் முகத்தில் இரண்டு பெருவிளக்குகள் எரிகின்றன. காட்டுப் பகுதியிலும் வயல்வெளியிலும் அவ்வொளியை நோக்கி வந்து மோதும் விட்டில்கள் எத்தனை என்பதை, காலையில் முன்கண்ணாடியை ஈரத்துணியால் தேய்க்கும் உதவியாளரைக் கேட்டால் தெரியும்.

இதனைச் சுட்டி, "அப்படியானால் இரவுணவை விலக்குவதில் என்ன பொருள்?" என்று வாதிடும் இளைஞர்கள் உண்டு. வாதம் தலைகீழானது. ஒரு விளக்கின் கீழ்க் காட்டிய கருணையை மற்றொரு விளக்கின் முன் மறந்துவிட்டோம் என்பதால், முதலாவதையும் கைவிடலாமா?

வேறொரு மறுப்பு இதனினும் வலுவுடையது. கொல்லும் எண்ணம் நமக்கில்லை. இல்லறத்தார் அறவே விலக்கவேண்டுவது சங்கல்ப ஹிம்சை ஒன்றே. ஆரம்பம், உத்தியோகம், விரோதம் ஆகிய ஏனைய மூவகையையும் இயன்ற அளவு குறைத்தால் போதும் என்பர். உண்மை. ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்குமிடத்து, உயிர் பிரிவதை மட்டும் கூறாமல், அதற்குக் காரணமாகப் பிரமாதத்தை வைத்திருப்பதை நாம் மறத்தலாகாது. 'பிரமாதம்' என்னும் சொல்லை இன்று நாம் பாராட்டுக்கு வழங்குகிறோம்; உதகையிலிருந்து திரும்பியவரை "எப்படி இருந்தது?" என்று கேட்டால் அச்சொல்லே விடையாக வரும். நம் நூல்களில் அதற்குப் பொருள் கவனமின்மை, சோர்வு என்பதே. பயனின்றித் தீங்கு விளைக்கும் அனர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் ஒன்றாகப் பிரமாத ஒழுக்கத்தைக் கூறும் சமந்தபத்திரர், மண்ணையும் நீரையும் நெருப்பையும் காற்றையும் வீணே அலைப்பதோடு, தான் வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதில் அடக்குகிறார். பிறரைத் திரியச் செய்தல் என்பதை இங்கு ஊன்றி நோக்கவேண்டும். ஓட்டுவது நாமல்லேம் என்பது விடையாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் குழந்தைகளும் அறிந்த பாடம். நாம் இருக்கை வாங்குவதால்தான் அப்பேருந்து இரவில் புறப்படுகிறது.

வெயிலில் வாடிய முதியோரும் குழந்தைகளும் நான்கு நாள் குளிர்ச்சியை நாடுவது வீண் திரிதல் என்று நாம் கொள்ளமாட்டோம். அத்தகைய கடுமை நமக்கு உடன்பாடன்று. ஆனால் பகலில் செய்யக்கூடியதை இரவில் செய்வதற்குக் காரணம், முன்னே சொன்ன விடுப்பும் வாடகையுமே.

உயிர் என்றால் விட்டில் மட்டுமா? நாம் உறங்கவேண்டி ஒரு மனிதர் உறங்காதிருக்கிறார். உறக்கம் மிகுதியாக அழுத்தும் பின்னிரவு கழியும் வேளையில்தான் பெரும்பாலும் அவர் மேட்டுப்பாளையத்தைத் தாண்டுகிறார். யானைகள் இடம்பெயரும் கல்லாற்றுப் பகுதியும், குன்னூர் வரையுள்ள பதினான்கு கொண்டையூசி வளைவுகளும் அதன் பின்னரே. மேலேறிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகும் இடத்தில் முகப்பு விளக்கை உயர்த்தினால் ஒளி நீர்த்துளிகளில் சிதறித் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூசச் செய்யும். ஆகவே விளக்கைத் தாழ்த்தி, சில அடி தூரம் மட்டும் நோக்கி, மெல்லச் செல்கிறார். முனிவர்கள் கருணையால் கைக்கொள்ளும் ஈரியா சமிதியைப் பனி அவர்மீது அச்சத்தால் சுமத்துகிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. பனி விலகியதும் வேகம் கூடிவிடுகிறது. சாலையைக் கடக்கும் மானுக்குப் பனி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சிரவணபெளகொளவில் பகவான் பாகுபலியைத் தரிசித்து, மைசூர் வழியே உதகைக்கு வரும் நம் யாத்திரிகர்கள் வேறொன்றையும் காண்கின்றனர். குண்டலுப்பேட்டையைக் கடந்ததும் பந்திப்பூர் புலிகள் காப்பகம். அதனூடே செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்த 2009-இல் மாவட்ட நிருவாகம் ஆணையிட்டது; 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நோயாளர் ஊர்திக்கும், எண்ணிக்கை வரையறுத்த சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. திக்விரதத்தில் கொண்ட எல்லையைக் குறித்த காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்வதைத் தேசாவகாசிகம் என்கிறோம். அதை அரசு கதவு போட்டுச் செய்திருக்கிறது. காட்டுயிர்க்கு ஒன்பது மணி நேர அபயதானம் என்று மகிழவேண்டிய நாமும், சோதனைச் சாவடியில் ஏனையோருடன் சேர்ந்து முணுமுணுக்கிறோம். காலடியில் புற்று வளர, உடலில் கொடி படர அசையாது நின்ற பெருமானை முன்தினம் வணங்கியவர்கள் நாம்.

இத்தகைய தடையால் அல்லற்படுவோர் இல்லாமல் இல்லை. சத்தியமங்கலம் காட்டில், இருபத்தேழு வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடையை நடைமுறைப்படுத்துமாறு 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, தாளவாடி உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பறித்த காய்கறி காலைச் சந்தைக்குச் சேராவிடில் அவர்களுக்கு இழப்பு. வயநாட்டு மக்கள் பந்திப்பூர்த் தடையை எதிர்த்துவருவதும் இத்தகைய காரணங்களாலேயே. அவர்களை நோக்கி அஹிம்சை போதிக்க நமக்கு வாயில்லை. அவர்களுடையது உத்தியோகத்தின்பாற்பட்டது, பிழைப்பு. நம்முடையது உல்லாசம். பிழைப்பவர் சுமக்கும் தடையை உல்லாசப் பயணி தானே விரும்பி ஏற்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை. சட்டம் இல்லாத மேட்டுப்பாளையச் சாலைக்கும் இது பொருந்தும்.

பகலில் செல்வோர்க்குக் கிடைப்பதும் உண்டு. சேலத்திலிருந்து அவினாசி செல்லும் நெடுஞ்சாலையில், பெருந்துறையை அடுத்து விஜயமங்கலம் உள்ளது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் அது என்பர். சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் பழம்பெரும் ஆலயம் அங்கே நிற்கிறது. அவ்வழியே செல்லும் இரவுப் பேருந்துகள் சுங்கச்சாவடியில் சற்றே தயங்கி நகர்ந்துவிடுகின்றன. உள்ளே நம்மவர் உறங்குகின்றனர். காலையில் சென்னையில் புறப்பட்டால் பிற்பகலில் அங்கு இறங்கித் தரிசிக்கலாம். கதிர் மறையுமுன் உண்டு, அருகே ஈரோட்டிலோ கோவையிலோ தங்கி, மறுநாள் வெளிச்சத்தில் மலையேறலாம். செலவு ஓர் இரவு வாடகை கூடும். விடுப்பிலும் ஒரு நாள் போகும்.