புலுனியும் நாமும்

"மக்களின் பசி தீராத நாட்டிலே பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண்பொழுது அல்லவா?" என்று மாணவ நண்பரொருவர் நம்மை வினவினார். வினாவில் நியாயம் உண்டு. ஆயின் விடை அத்துணை எளிதன்று.

யாழ்ப்பாணத்தில் நமது வளவின் கிளுவை வேலியோரத்திற்கு நாள்தோறும் புலுனிக் கூட்டமொன்று வரும். சாம்பல் கலந்த மண்ணிறம், வெளிறிய கண், மஞ்சட் சொண்டு. கண்ணைக் கவரும் அழகு எதுவுமில்லை. ஏழெட்டுப் பறவைகள் சருகைப் புரட்டிப் பூச்சி தேடுகையில் ஒன்று கொப்பிலிருந்து காவல் காக்கும். அது குரலெழுப்பினால் யாவும் வேலிக்குள் மறையும். குஞ்சுகளுக்குப் பெற்றோர் மட்டுமன்றிக் கூட்டத்தின் ஏனைய பறவைகளும் இரையூட்டும். "இதுவன்றோ பொதுவுடைமை!" என்று பூரித்தோம். அப்பூரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அயற் கூட்டம் எல்லை தாண்டியதும் அதே பறவைகள் கூச்சலிட்டு அதனை விரட்டின. சுடலைக் குயில் களவாக இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சையும் தமதென்றே எண்ணி வளர்த்தன. பறவை நமது கொள்கைக்குச் சாட்சி கூற வந்ததன்று. அது தன் வாழ்வை வாழ்கின்றது. அதனை உள்ளவாறு காண்பதே நாம் கற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடத்திற்கு விலை கொடுத்தது பறவை. கிணற்றடியில் நாம் சோற்றுப் பருக்கை தூவிவந்தோம். சில வாரங்களில் ஒரு புலுனி காலடிவரை வந்தது. பின்னர் கையிலிருந்தே கொத்தித் தின்றது. அதன் நட்பைப் பெற்றுவிட்டோமென இறுமாந்தோம். ஒருநாட் காலை காவற்குரல் கேட்டு ஏனையவை மறைந்தன. நமது புலுனி மட்டும் சோற்றருகே நின்றது. பூனையொன்று பாய்ந்து அதனைக் கவ்விச் சென்றது. பூனையை ஏசினோம். மாலையான பின்னரே உண்மை உறைத்தது: அச்சமே அப்பறவையின் கவசம், அதனைக் கழற்றியவர் நாமே.

அப்பொழுது நம் நினைவுக்கு வந்தவர் ரோசா லக்சம்பேர்க். போரை எதிர்த்தமைக்காக அடைக்கப்பட்ட அவர், 1917இல் விரொங்கே சிறையிலிருந்தார். அங்கே பட்டாணிக் குருவிகளுக்கு இரை வைத்தார். அவற்றின் குரலைத் தாமும் எழுப்பி அழைத்தார். அவ்வாண்டு மே மாதம் சோபி லீப்னெக்டுக்கு எழுதிய கடிதத்திலே, ஜெர்மனியில் பாடும் பறவைகள் அருகிவருவதன் காரணத்தைத் தாம் படித்தறிந்தவாறு விளக்குகின்றார். திட்டமிட்டுச் செய்யப்படும் வேளாண்மையும் வனத்தொழிலும் பொந்து மரங்களையும் தரிசையும் புதரையும் உதிர்ந்த சருகையும் அகற்றிவிடுகின்றன; பறவைக்குக் கூடுமில்லை, உணவுமில்லை. அதனைப் படிக்கையில், வட அமெரிக்க ஆதிக்குடிகள் தம் நிலத்தினின்று விரட்டப்பட்டு அழிந்த வரலாறே அவருக்கு நினைவு வந்தது. 1919 ஜனவரி 15இல் அவர் கொல்லப்பட்டார். அவர் வீண்பொழுது போக்கினாரென எவர் கூறத் துணிவர்?

அவர் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை, காரணத்தைத் தேடினார். நாமோ பூனையை ஏசியதோடு நிற்கப் பார்த்தோம்.

இப்பொழுது நாம் கையிற் சோறு ஏந்துவதில்லை. வேலியோரச் சருகைக் கூட்டி எரிப்பதுமில்லை. புலுனியின் உணவு அதற்குள்ளேதான் இருக்கின்றது. சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூர நின்று பார்க்கின்றோம். நமது ஊர்களில் உயிர்வேலிகள் அழிந்து சீமெந்து மதில்கள் எழுகின்றன. மதில் எழும் இடத்திலே புலுனிக்குக் காவலிருக்கக் கொப்புமில்லை, ஒளிந்துகொள்ளப் புதருமில்லை.

மாணவ நண்பருக்கு நமது விடை இதுதான்: பறவையைப் பார்ப்பது தவறன்று. பார்த்து இரங்கி, அவ்விரக்கத்திலேயே நிறைவடைவதுதான் தவறு. பசித்தவனுக்கு ஒருவேளைச் சோறிட்டு, அவன் நம் வாசலை நம்பி நிற்பதைக் கண்டு மகிழ்பவரும் இத்தவற்றையே புரிகின்றனர். அவன் பசிக்குக் காரணம் யாது என்று கேட்டல் வேண்டும். அக்காரணத்தில் நமது கையும் உண்டோ என்றும் கேட்டல் வேண்டும்.