எங்கே போறே?

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி எது என்று யாராவது கணக்கெடுத்தால், 'சாப்பிட்டியா'வுக்கு அடுத்த இடத்தில் 'எங்கே போறே' நிற்கும் என்று நினைக்கிறேன். செருப்பு மாட்டும்போது வாசற்படியில் வரும் கேள்வி அது. கேட்பவர் அப்பாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பத்து வயது மகனாகக்கூட இருக்கலாம். கடைக்கு, கோயிலுக்கு, வேலைக்கு, ஜெராக்ஸ் எடுக்க என்று ஏதாவது ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். 'சும்மா' என்ற பதில் ஆணுக்குச் செல்லும். டீக்கடை பெஞ்சும் பாலத்துக் கட்டைச்சுவரும் அந்தச் சொல்லுக்காகவே கட்டப்பட்டவைபோல் இருக்கின்றன. அதே சொல்லைப் பெண் சொன்னால், எதையோ மறைக்கிறாள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது.

மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்' நூல் இதைத்தான் பேசியது. ஒரு நகரத்தில் பெண்ணின் சுதந்திரத்தை அளக்க, அவள் வேலைக்குப் போய்வர முடிகிறதா என்று பார்த்தால் போதாது. காரணமில்லாமல் அங்கே நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வாதத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

நம் இலக்கியத்தில் நடக்கும் பெண்களுக்குக் குறைவில்லை. ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனபின் ஆதிமந்தி கரையெங்கும் தேடி அலைந்தாள். வெள்ளிவீதியார் தம் கவிதையில் அவளை நினைத்துக்கொண்டார். அப்படி அலைந்த வெள்ளிவீதியாரை ஔவையார் தம் கவிதையில் நினைத்துக்கொண்டார். கண்ணகி புகாரிலிருந்து மதுரைவரை நடந்தாள். கயிலையில் கால் படக்கூடாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தார். எல்லா நடைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தொலைந்த காதலன், பிழைப்புத் தேடும் கணவன், அழைக்கும் இறைவன். பாலை நிலத்தைக் கடக்கும் பெண்ணின் நடைக்கு இலக்கணம் 'உடன்போக்கு' என்றே பெயர் வைத்தது. அவள் உடன் போகிறவள். கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் விதியாகவே சொல்கிறது. நெய்தல் நிலத்தில் அவளுக்குக் கிடைத்தது கரையும், அங்கே நின்று இரங்கும் இரங்கலும். இருபது ஆண்டுகளாக அகத்திணை நடத்துகிறேன். கடற்கரையில் யாருக்காகவும் காத்திராமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு தலைவியை எனக்குத் தெரியாது.

இதை வெறும் உலாவும் இன்பம் பற்றிய கேள்வியாகப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு இது அறம் பற்றிய கேள்வி. ஏன் என்று சொல்ல, என் நடை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், பேங்கர் என்ற ஊரில் என் தங்கை இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்தேன். பத்தியச் சமையலும் பிள்ளையின் அழுகையுமாக ஐந்து வாரம் ஓடிவிட்டது. அவள் மாமியார் ஊரிலிருந்து வந்து சேர்ந்த மறுநாள், "நீ ஒரு நாள் எங்கேயாவது போயிட்டு வாக்கா" என்றாள். அவள் கணவர் அகாடியா தேசியப் பூங்காவுக்குக் காரில் அழைத்துப் போனார். "என்ன பார்க்கணும்க்கா? லைட்ஹவுஸ் பக்கத்துலதான் இருக்கு" என்று கேட்டார். எதையும் பார்க்க வேண்டாம், சும்மா நடக்க வேண்டும் என்றேன். ஷிப் ஹார்பர் என்ற பாதையின் வாசலில் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்.

ஏப்ரல் முதல் வாரம். நம் ஊரில் பங்குனி வெயில் ஏறியிருக்கும். அங்கே இளவேனில் அப்போதுதான் கண் விழித்திருந்தது. நிழல் விழும் இடங்களில் பனி அழுக்கு வெள்ளையாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் சேறு. பிர்ச் மரங்களில் ஓர் இலைகூட இல்லை. ஸ்ப்ரூஸ் மரங்கள் மட்டும் இருண்ட பச்சையில் நெருக்கமாக நின்றன. அவற்றின் கிளைகளில் வெளிர்பச்சை மரப்பாசி நரைத்த தாடிபோல் தொங்கியது. பாதை எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிவரும். மொத்தமே இரண்டு கிலோமீட்டர்தான். மலையேற்றம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

முதல் இருபது நிமிடம் நான் காட்டைப் பார்க்கவில்லை. காட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடாகக் குறைந்தது தெரியும். எந்த மரத்தில் எந்தப் பறவை கூவியது என்று தெரியாது. பின்னால் காலடி கேட்டது. முதுகு விறைத்தது. நாயோடு வந்த ஒரு முதியவர் 'ஹலோ' சொல்லிவிட்டுக் கடந்து போனார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் முதுகு மரங்களுக்குள் மறையும்வரை நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய உடம்பு இப்படித்தான் பழகியிருக்கிறது.

அவர் போன பிறகு காது மெல்லத் திரும்பி வந்தது. சிக்கடீ என்ற சின்னப் பறவையின் இரண்டு சுரம் கேட்டது. அதற்குப் பின்னால் கடல் கேட்டது. மரங்கள் முடிந்த இடத்தில் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் சரிந்து நீருக்குள் இறங்கின. அந்தக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை மூன்று மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. நான் போனபோது நீர் வற்றியிருந்தது. பாறையில் வரிவரியாக உலகங்கள் தெரிந்தன: மேலே வழுக்கும் கறுப்புப் பட்டை, அதன்கீழ் சுண்ணாம்புபோல் ஒட்டிய கொட்டலசு, அதற்கும் கீழே பழுப்பு மஞ்சளில் தலைவிரித்துக் கிடந்த கடற்பாசி. அந்தப் பாசியின் தண்டில் காற்றுக் குமிழ்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றாக வளர்பவை. ஒரு தண்டில் பதினொன்று எண்ணினேன். எந்தப் பயனும் இல்லாத ஒன்றை, யாருக்கும் ஒப்புவிக்க வேண்டாத ஒன்றை, கடைசியாக எப்போது எண்ணினேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

இங்கேதான் அறம் வருகிறது. தத்துவவாதியும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டாக், 1970இல் வெளிவந்த 'தி சாவரின்டி ஆஃப் குட்' நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். மனக்குமைச்சலோடு சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வானில் ஒரு வல்லூறு அசையாமல் மிதக்கிறது. ஒரு கணத்தில் 'நான்' என்ற குமைச்சல் அகன்று வல்லூறு மட்டும் இருக்கிறது. தன்னைவிட்டு விலகி இன்னொன்றை அதுவாகவே பார்க்கும் இந்தக் கவனத்தில்தான் நன்மைக்கான பயிற்சி தொடங்குகிறது என்கிறார். எனக்கு இது உடன்பாடு. ஒரே ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அவர் சன்னலுக்கு உள்ளே இருந்தார். வெளியே பாதையில், பின்னால் வரும் காலடியை எண்ணிக்கொண்டு நடப்பவளின் கவனம் யாருடையது? அடுப்பில் பால், தொட்டிலில் பிள்ளை, மாமனாரின் மாத்திரை, பூட்டாத கதவு என்று ஏற்கனவே பங்குவைக்கப்பட்ட கவனத்தில் வல்லூறுக்கு என்ன மிச்சமிருக்கும்? கவனம்தான் அறத்தின் வேர் என்றால், பயமும் பதில்சொல்லும் கடமையும் பெண்ணிடமிருந்து பறிப்பது ஒரு மாலை உலாவை மட்டும் இல்லை. உலகத்தைப் பார்க்கும் அவளுடைய திறனையே அவை தினமும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன.

அதே மெய்ன் மண்ணில் 1955ஆம் ஆண்டோடு சேர்ந்த இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ரேச்சல் கார்சன் 'தி எட்ஜ் ஆஃப் த சீ' நூலை அந்த ஆண்டு வெளியிட்டார். பாறைக் கரையில் நான் பார்த்த அந்த வரிகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் அது. கார்சன் தாயைப் பராமரித்தார், சகோதரி மகள்களைத் தாங்கினார், அவர்களில் ஒருத்தி இறந்தபின் அவளுடைய ஐந்து வயது மகனைத் தத்தெடுத்தார். அந்தப் பொறுப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான் அந்தக் கரையைப் பார்த்தார். இன்னொருவர் எம்மா கேட்வுட். பதினொரு பிள்ளை பெற்றவர். கணவனிடம் பல்லாண்டு அடிவாங்கி, கடைசியில் மணவிலக்குப் பெற்றவர். 67 வயதில், பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கேன்வாஸ் ஷூவும் தானே தைத்த துணிப்பையுமாக ஜார்ஜியாவிலிருந்து கிளம்பினார். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தனியாக நடந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் மெய்னின் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். அப்பலாச்சியன் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் தனியே நடந்து முடித்த முதல் பெண் அவர். ஏன் நடந்தீர்கள் என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, ஆளுக்கொரு பதில் சொன்னார். அந்தப் பதில்களில் எது உண்மை என்று ஆராய்கிறவர்கள் உண்டு. உண்மையான காரணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் பயன்படுத்தினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் ஊர் திரும்பியபின் முதுகலை வகுப்பில் சொன்னேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். இராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரி. அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். "எங்கம்மா ஒரு நாளும் சும்மா நடந்ததில்லை மேடம். நடக்கணும்னு ஆசையும் கிடையாது. சும்மா உட்காரணும்னுதான் ஆசை" என்றாள்.

அந்தப் பதில் என் வாதத்தை அகலப்படுத்தியது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைமேல் சட்டை போட்டுக்கொண்டு, பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி நீருக்குள் மூழ்குகிறார்கள். எந்தப் பிறைக்கு நீர் எவ்வளவு வற்றும், எந்தப் பாறையில் எது முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். என்னுடைய பதினொரு குமிழ் அவர்களுடைய கவனத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பாசி எடுப்பது தடைக்குள் வந்தது. மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவி இல்லாமல் கையால் எடுப்பது என்று அந்தப் பெண்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டதும் உண்டு. அகாடியாவிலும் இதே கதைதான். அந்தக் கரை வபனாக்கி மக்களின் நிலம். கூடை பின்னும் அவர்களுடைய பெண்கள் உவர்ச் சதுப்பில் வாசனைப் புல் பறித்துவந்தார்கள். பூங்கா வந்தபின் அது சட்டத்துக்குப் புறம்பானது. பழங்குடிகளோடு ஒப்பந்தம் செய்து அனுமதிக்கலாம் என்ற விதி வர 2016 ஆயிற்று.

அதாவது, காரணம் இல்லாமல் வந்த என்னை அந்தப் பாதை வரவேற்றது. காரணத்தோடு வந்தவளை அதே கரை திருப்பி அனுப்பியது. என் ஊர்த் தெருவில் இது தலைகீழ்: காரணம் உள்ளவள் போகலாம், இல்லாதவள் போகக்கூடாது. இரண்டு இடத்திலும் பெண்ணின் எந்தக் காரணம் செல்லும் என்று முடிவுசெய்வது வேறு யாரோ. 'சும்மா'வை நாம் கேட்கும்போது வேலையில்லாதவர்களின் சொகுசைக் கேட்கவில்லை; அந்த முடிவைத் திருப்பிக் கேட்கிறோம். பாசி எடுப்பவளின் காரணமும் அவளுடையது. வேலை முடிந்து எந்தக் காரணமும் இல்லாமல் மணலில் உட்காரும் ஒரு மணி நேரமும் அவளுடையதாக வேண்டும்.

அதற்கு நல்ல எண்ணம் மட்டும் போதாது. விடுப்பெடுத்தாலும் கஞ்சிக்குக் குறையாத கூலி வேண்டும். தெருவிளக்கு வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு ஒரு பேருந்து வேண்டும். 2021இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள் என்று சிலர் எரிச்சலோடு சொன்னார்கள். அந்தத் திட்டத்துக்கு அதைவிட நல்ல பாராட்டு எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேருந்தில் நடத்துநரும் 'எங்கே போகணும்' என்றுதான் கேட்கிறார். நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்.

வீட்டு வாசலில் நாமும் நம் பெண்களிடம் 'எங்கே போறே' என்று கேட்கிறோம். கேட்காமல் இருக்கப்போவதும் இல்லை. அது அக்கறையா காவலா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அவள் 'சும்மா' என்று சொன்னால், 'சரி, போயிட்டு வா' என்று நம்மால் சொல்ல முடிகிறதா?