வென்றவன் கடனாளி ஆவதோ?

வழக்கில் தோற்றவன் வாடுவது உலக இயல்பு. வென்றவனும் வாடினால் அதற்கு என்ன பெயரிடுவது? நீதி என்பதா? நீதி கேட்டதற்கு அபராதம் என்பதா?

பெரியதாழைக் கடற்கரையை எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கீழைக்கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்வளம் பெருகத் தடை. மீனவர் வீட்டில் அடுப்பெரிய அரசின் நிவாரணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், நிவாரண விதியொன்று தகுதியுள்ள குடும்பத்தைத் தவறாக விலக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்தான் மதுரைக்குச் சென்று உயர்நீதிமன்றக் கிளையின் கதவைத் தட்டவேண்டும். வழக்கறிஞர் கட்டணம், வழிச்செலவு, கடலுக்குப் போகாத நாட்களின் இழப்பு, இவற்றைக் கூட்டினால் கிடைக்கும் சில ஆயிரத்தைச் செலவே விழுங்கிவிடும். வகுப்பறையில் நாம் இக்கணக்கைக் கொடுத்தால் சிறுவனும் விடை சொல்வான்: "வழக்குப் போடாதிருப்பதே இலாபம்!" தவறான விதிகள் தழைப்பது இந்த இலாபக் கணக்கால்தான்.

நடந்த வழக்கொன்றும் உண்டு. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றோருக்குத் திருத்திய ஓய்வூதியம் இல்லை என்றது மத்திய அரசின் விதி. நகரா என்னும் ஓய்வு பெற்ற அதிகாரியும் பிறரும் எதிர்த்து வழக்காடினர். 1982 டிசம்பர் 17-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தப் பாகுபாட்டைத் தகர்த்தனர். ஓய்வூதியம் பிச்சையன்று, உரிமை என்றனர். எண்ணற்ற முதியோர் பயன் பெற்றனர். அந்நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆனால், தீர்ப்பின் கடைசி வரி என்ன? செலவுத் தொகை பற்றி ஆணையில்லை! பயன் பலருக்கு, பளு சிலருக்கு!

தோற்றவர் செலவைத் தரவேண்டும் என்பது புதுமையன்று. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவே அதைப் பொதுவிதியாக்கி, விலகினால் காரணம் எழுதுமாறு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. தனியாருக்கு உள்ள கடமை, அரசுக்கு மட்டும் ஏன் தளரவேண்டும்?

"இலவசச் சட்ட உதவி இருக்கிறதே" என்பர். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர், பட்டியல் இனத்தார், வருமான வரம்புக்குட்பட்டோர் முதலியோருக்கு அவ்வுதவியைத் தருகிறது, வரவேற்கிறோம். வரம்புக்குச் சற்று மேலே நிற்பவன் என் செய்வான்?

"அரசுப் பணம் மக்கள் பணமன்றோ?" என்றும் கேட்பர். ஆம், மக்கள் பணமே! மக்கள் பெயரால் செய்த பிழையை, மக்களுக்காக ஒருவன் திருத்தினான். அந்தச் செலவை எல்லோரும் பகிர்ந்தால் ஆளுக்கு அணுவளவு; ஒருவனே சுமந்தால் அவன் வீடே அடமானம். எது அறம்?

அமெரிக்காவில் 1980-இல் இயற்றிய சட்டம், அரசின் நிலைப்பாட்டுக்குத் தக்க நியாயம் இல்லையெனில், வென்ற குடிமகனின் வழக்கறிஞர் கட்டணத்தை அரசே தரவேண்டும் என்கிறது. நாம் இன்னும் ஓர் அடி முன்செல்லலாம். அரசு நேர்மையாகவே தவறியிருந்தாலும், இழந்தவன் இழப்பு இழப்புதானே?

மனுநீதிச் சோழன் வாயிலில் மணி கட்டியதைப் பெருமையோடு பேசுகிறோம். கன்றை இழந்த பசு அதை அடித்தது. கயிற்றைத் தொடக் கட்டணம் கேட்டிருந்தால், அம்மணி ஒலித்திருக்குமா?