ஆயில் விளக்கும் ஊழ்வினையும்

சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில் வாசலில் நல்ல நாள் பார்த்துப் புது வண்டிகள் வந்து நிற்கும். ஸ்கூட்டர், கார், லாரி என்ற பேதம் முனிக்குக் கிடையாது. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் ஏறும், பானெட்டில் மாலை விழும், கற்பூரம் சுற்றும், திருஷ்டிப் பூசணி உடையும். கடைசியாக நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். உரிமையாளர் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். அந்த நொடியில் வண்டிக்குள் இன்னொரு சடங்கு நடக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. டாஷ்போர்டில் ஆயில், பேட்டரி, பிரேக், ஏர்பேக், இன்ஜின் என்று எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிகின்றன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகின்றன. விளக்கே கெட்டுப்போய்விடவில்லை என்று ஓட்டுகிறவருக்குக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. பிறகு பழம் நசுங்குகிறது, வண்டி கிளம்புகிறது.

இதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம், சிரிப்பவர்மேல் கோபப்படவும் செய்யலாம். இரண்டாலும் விஷயம் நகராது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே உரிமையாளர் சில மாதம் கழித்துக் குடும்பத்தோடு விழுப்புரத்தைத் தாண்டித் தெற்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது. “உளுந்தூர்பேட்டை போய்ப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் முனி பாத்துப்பான்” என்கிறார். இது பக்தியா, பக்தியின் பெயரில் ஒரு தட்டிக்கழிப்பா?

முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்கிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றினாலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்தப் படலம்தான். அழுத்தம் போனால் படலம் போகும். தேய்மானம், சூடு, கடைசியில் இறுகல். ‘இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்லும் அந்தக் கட்டத்துக்கு வர உளுந்தூர்பேட்டை வரை போக வேண்டியதில்லை, சில நிமிடங்கள் போதும். அதனால்தான் அதற்குச் சிவப்பு. சிவப்பு என்றால் ஓரங்கட்டி அணைத்துவிடு. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. மஞ்சள் இன்ஜின் விளக்கே விட்டு விட்டு மினுக்கினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் எரிகிறது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் குறைத்து, முடிந்தால் நிறுத்திவிடுவதே நல்லது. டெம்பரேச்சர் முள் மேலே போனாலும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஆத்திரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நம்மிடம் உண்டு. பூனைக்கும் விபத்துக்கும் நடுவே எந்தக் கம்பியும் ஓடவில்லை. ஆயில் விளக்குக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கம்பி ஓடுகிறது. பூனைக்கு நிற்பவர் விளக்குக்கு நிற்காததுதான் வேடிக்கை.

இந்தத் தட்டிக்கழிப்பைத் தத்துவத்தில் மிகக் கறாராகப் பிடித்தவர் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையை அவர் ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறார். பிழைப்புத் தேடிப் புறப்படும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய கப்பல். பழையது, கட்டுமானமும் சுமார், பல தடவை பழுது பார்த்தது. கிளம்பும் முன் ஒருமுறை முழுக்கச் சோதித்துவிடலாமா என்று முதலாளிக்கு உறுத்துகிறது. செலவை நினைக்கிறார். இத்தனை பயணம் தாங்கிய கப்பல் இதையும் தாங்காதா என்று தேற்றிக்கொள்கிறார். நல்வாழ்வு தேடிப் போகும் ஏழைக் குடும்பங்களை ஆண்டவன் கைவிடுவானா என்றும் நினைத்துக்கொள்கிறார். மெல்ல மெல்ல உறுத்தல் அடங்கி மனப்பூர்வமான நம்பிக்கை வந்துவிடுகிறது. நிறைந்த மனதோடு வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வருகிறது.

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். ஆனாலும் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். சோதித்துப் பார்த்து வந்த நம்பிக்கை அல்ல அது, சந்தேகத்தை அமுக்கி வரவழைத்துக்கொண்டது. பழைய கார் விற்பவர்களில் எரியும் செக் இன்ஜின் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி விற்பவர்கள் உண்டு. கப்பல்காரர் அந்த டேப்பைத் தன் மனசுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

கிளிஃபோர்ட் மதத்தோடு ஒத்துப்போகாதவர். அதனால் மதத்தின் பக்கம் நின்று பேசிய அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸையும் கேட்பதுதான் நியாயம். 1896-இல் அவர் கிளிஃபோர்டுக்குச் சொன்ன பதில்: ஆதாரத்தால் தீராத, ஆனால் முடிவெடுக்காமலும் தப்ப முடியாத கேள்விகளில் மனிதனுக்கு நம்பும் உரிமை உண்டு. கடவுள் இருக்கிறாரா என்பதை அந்த வகையில் சேர்க்கலாம். இன்ஜினில் ஆயில் இருக்கிறதா என்பதைச் சேர்க்க முடியாது. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் தெரிந்துவிடும். நம்பிக்கைக்கு அவ்வளவு தாராளமாக இடம் கொடுத்த ஜேம்ஸின் கணக்கிலும் உளுந்தூர்பேட்டைக்காரருக்கு இடமில்லை.

“என் தலையில என்ன எழுதியிருக்கோ அதுதான் நடக்கும், மெக்கானிக் என்ன செய்வான்?” என்ற வாதம் இதைவிடப் பழையது. கிரேக்கர்கள் இதற்குச் சோம்பேறி வாதம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிழைப்பாய் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பாய் என்று அது போகும். ஸ்டோயிக் அறிஞர் கிரைசிப்பஸ் விதியை முழுதாக ஒப்புக்கொண்டவர். ஆனாலும் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிழைப்பது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அதே விதியின் பகுதி, ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாகப் பிய்த்தெடுக்க முடியாது என்றார். ரோமானிய அறிஞர் சிசரோ எழுதி வைத்ததால் இந்தப் பதில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தச் சண்டை இன்னும் காரசாரமாக நடந்திருக்கிறது. எல்லாம் நியதிப்படி, முயற்சி என்று ஒன்றில்லை என்ற ஆசீவகர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதாடுகின்றன. சமண ஆகமம் ஒன்றில் சத்தாலபுத்தன் என்ற பணக்காரக் குயவனின் கதை வருகிறது. அவன் ஆசீவகன். வெயிலில் காயும் பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் வந்தவையா என்று மகாவீரர் கேட்கிறார். இல்லை, எல்லாம் நியதி என்கிறான். உன் ஆள் ஒருவன் இவற்றைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் முறைகேடாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், உதைப்பேன் என்கிறான். எல்லாம் நியதி என்றால் அவனை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார் மகாவீரர். குயவன் மடங்கிப்போகிறான். இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். தன் வண்டி பழுதாகி நின்றால் விதி என்பவர், அடுத்தவன் வண்டி பிரேக் பிடிக்காமல் வந்து தன் வண்டியில் இடித்தால் விதி என்று விட்டுவிடுகிறாரா? சட்டையைப் பிடிக்கிறார்.

குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். ஒன்று ஊழின் வலிமையைச் சொல்கிறது, மற்றது ஊழையே புறங்காட்ட வைக்கலாம் என்கிறது. இரண்டையும் சமரசம் செய்யப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ள ஒன்று, இன்னும் நடக்காததைச் செய்ய ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை அது இரண்டாவது வகை. தெருவில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

தொப்பூர் கணவாய் இதற்கு ஒரு பாடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நீண்ட இறக்கம் அது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் வரிசையாக மோதும் செய்தி அங்கிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பிரேக் அங்கே திடீரென்று செத்துப்போவதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் இருக்கிறது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. மொத்த லோடையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கிறது. விடாமல் மிதித்து மிதித்து டிரம் கொதிக்கிறது, லைனர் கருகி வாடை வருகிறது, பிடிமானம் வழுக்குகிறது. அந்தக் கருகல் வாடையும் ஓர் எச்சரிக்கைதான். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். அதைச் சொல்லிக் கொடுக்கிற குருமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, டிரைவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு எழுந்துவிடலாமா? டீசல் கணக்கை ட்ரிப்புக்கு ட்ரிப் கேட்கும் முதலாளி அங்கே இல்லை. லைனர் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளியவர் இல்லை. அவ்வளவு செங்குத்தாகச் சாலை போட்டவரும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சின்னக் கார்களில் சாவி சுவிட்ச் தானாக நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. கம்பெனிக்குள் பலருக்குப் பல வருடமாகத் தெரிந்த கோளாறு. 2014-இல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. செத்தவர்களின் டாஷ்போர்டில் எந்த விளக்கும் முன்கூட்டி எரியவில்லை. விளக்கு எரிந்தது கம்பெனியின் கோப்புகளில். டேப் ஒட்டியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஊழ் என்ற சொல்லால் அதிக லாபம் அடைவது இந்த மாதிரி ஆட்கள்தான்.

இன்னொரு சிக்கல் மிச்சமிருக்கிறது. விளக்கை மதிக்காமல் ஓட்டியும் பத்திரமாக வீடு சேர்ந்தவர்? கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் இம்மியும் குறையாது என்று கிளிஃபோர்ட் தீர்த்துவிட்டார். தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர் நூறாண்டு கழித்து, நாம் அப்படித் தீர்ப்பு சொல்வதில்லையே என்று கேட்டார். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவன் முன்னால் குழந்தை ஓடி வந்தது, இன்னொருவன் முன்னால் வரவில்லை. அலட்சியம் ஒன்றுதான். ஒருவன் வாழ்நாள் முழுக்கக் கொலைகாரன், மற்றவன் இரவு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். ஊழ் நிஜமாகவே வேலை செய்யும் இடம் இதுதான். நாம் செய்த தப்பு எவ்வளவு பெரிதாக முடியும் என்பது நம் கையில் இல்லை. தப்பைச் செய்யாமல் இருப்பது மட்டும் நம் கையில் இருந்தது. வீடு சேர்ந்தவர் முனிக்கு நன்றி சொல்லட்டும், மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கும் போகட்டும்.

முன்னறிவிப்பே இல்லாமல் வருவதும் உண்டு. நல்ல டயரே ஆணி ஏறி வெடிக்கலாம். அப்போது உடம்பு சட்டென்று பிரேக் அடிக்கச் சொல்லும். அடித்தால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு ஓரங்கட்ட வேண்டும். பயத்துக்கு எதிராக அந்த இரண்டு நொடி நிதானம் வேண்டும். ‘முருகா’ என்று சொல்லி அந்த நிதானம் வரும் என்றால் தாராளமாகச் சொல்லலாம். பிரார்த்தனை கையைக் கட்டிப்போடாமல் கையின் நடுக்கத்தை நிறுத்தினால் அதைக் குறைசொல்ல எந்தத் தத்துவத்துக்கும் உரிமை இல்லை.

வண்டி நின்றுவிட்டவரைக் கடந்துபோகிறவர்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஜெரூசலேமிலிருந்து எரிகோ போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில்காரர்கள் இருவர் கண்டும் விலகிப் போக, வேற்று இனத்துச் சமாரியன் நின்றான் என்பது இயேசு சொன்ன கதை. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை வைத்து நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடக்கிறார். அவசரமில்லாத மாணவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அவர்களில் பாதிப்பேர் போய்ப் பேசவிருந்த தலைப்பே நல்ல சமாரியன் கதை. வேதம் தெரியாததால் அல்ல, அவசரத்தால் விலகிப் போனார்கள். ஆயில் விளக்கைத் தாண்டி ஓட்டுவதும் பெரும்பாலும் நாத்திகமோ ஆத்திகமோ அல்ல, இதே அவசரம்தான்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் நாலு இண்டிகேட்டரையும் போட்டு, ஆட்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கி, பிரதிபலிப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு 1033-க்குக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கென்றே உள்ள எண் அது. அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால், போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சிவில், கிரிமினல் வழக்குகளிலிருந்து காக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.